பழைய க்ரோவ் ஒன்பது தொகுதிகளை வாங்கலாமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். சின்ன வயதில் சில வருடம் பாட்டு கற்றுக்கொண்டு, முப்பதைத் தாண்டி பியானோவுக்கு வந்து, இப்போது ஐந்தாம் கிரேடில் இருக்கிறீர்கள். இரவில் ஓபெரா, அதாவது பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம், வீடியோவில் பார்க்க ஆரம்பித்து அதில் மாட்டிக்கொண்டீர்கள். புரசைவாக்கத்தில் ஒரு பழைய புத்தக வியாபாரி 1954-ல் வந்த க்ரோவ் இசை அகராதி, ஒன்பது தொகுதிகளையும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா, ஓபெராவுக்குத் தனியாக ஏதாவது புத்தகம் வேண்டுமா, இல்லை இணையமே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும் பத்து இடங்களில் எதை நம்புவது என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் சென்னையில் முப்பது வருடமாக பியானோவும் தியரியும் சொல்லிக்கொடுக்கிறேன். நடுவில் ஒன்பது வருடம் ஓர் இசைப்பள்ளியின் நூலகத்தையும் பார்த்துக்கொண்டேன். ஓபெராவை மேடையில் நேராகப் பார்த்தது மூன்றே முறை, அதுவும் வெளியூரில். ஆகவே எந்தப் பாடகர் உசத்தி என்று என்னிடம் கேட்காதீர்கள். ஜெர்மன் தெரியாது, அதனால் ஜெர்மன் மொழியில் இருக்கும் பெரிய கலைக்களஞ்சியத்தில் எனக்குப் பயன்படுவது படைப்புகளின் பட்டியல் மட்டும்தான். ஆங்கிலத்தில் உள்ள புத்தகங்களைப் பற்றி ஓரளவு அடித்துச் சொல்ல முடியும்.

முதலில் க்ரோவ். ஜார்ஜ் க்ரோவ் இசைக்கலைஞர் இல்லை, பொறியாளர். ஜமைக்காவிலும் பெர்முடாவிலும் கலங்கரை விளக்கம் கட்டியவர். அவர் ஆரம்பித்த அகராதி 1879-லிருந்து 1889-க்குள் நான்கு தொகுதிகளாக வந்தது. உங்களுக்குக் கிடைத்திருப்பது ஐந்தாம் பதிப்பு, எரிக் ப்ளோம் என்பவர் பொறுப்பில் வந்தது. 1961-ல் அதற்கு ஓர் இணைப்புத் தொகுதியும் வந்தது. அப்புறம் 1980-ல் ஸ்டான்லி சேடி ஏறக்குறைய முழுவதையும் புதிதாக எழுதச் செய்து இருபது தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 2001-ல் அது இருபத்தொன்பது தொகுதியானது. இப்போது சந்தா கட்டினால் இணையத்தில் படிக்கலாம். நீங்கள் பார்த்த ஒன்பதும் முன்னோர் வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு தாத்தா. தாத்தா சொல்வதில் எது இன்னும் செல்லும், எது செல்லாது என்று தெரிந்துகொண்டால் எட்டாயிரம் தகுமா என்பது தெரிந்துவிடும்.

செல்லாததற்கு ஒரு உதாரணம். வியாபாரியிடம் ஆர் எழுத்து உள்ள தொகுதியை எடுத்துத் தரச் சொல்லி ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினோவ் பற்றிய பதிவைப் படியுங்கள். பழைய எழுத்துக்கூட்டலில் கே-க்குப் பிறகு ஒரு ஹெச் வரும், தேடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய சில படைப்புகளுக்கு அவர் இருந்தபோது கிடைத்த பெரிய வரவேற்பு நீடிக்க வாய்ப்பில்லை என்ற பொருளில் அங்கே எழுதியிருக்கும். எழுதியவர் பதிப்பாசிரியர் ப்ளோமேதான். எழுபது வருடம் ஆகிவிட்டது. இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை இன்றைக்கும் உலகம் முழுக்க வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், கச்சேரிக்கே போகாதவர்கள்கூட அதன் மெட்டை எங்காவது கேட்டிருப்பார்கள். அகராதி என்றால் அபிப்பிராயம் இல்லாத பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பத்தி பெரிய பாடம். இருபத்து மூன்று வயதில் படித்தபோது கோபம் வந்தது. இப்போது அதைப் படிக்கவே அந்தத் தொகுதியை எடுப்பேன்.

அபிப்பிராயம் தப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். தகவலே மாறிவிடுவதுதான் ஆபத்து. ஹைடனின் மூன்றாம் ஓபஸ் (வெளியீட்டு எண்) என்று ஆறு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்கள், அதாவது நான்கு தந்திக் கருவிகளுக்கான படைப்புகள், உண்டு. அதில் ஒரு செரினேட் ரொம்பப் பிரபலம், மாணவர்கள் பியானோவில்கூட வாசிப்பார்கள். 1964-ல் ஆலன் டைசனும் ராபின்ஸ் லாண்டனும் பழைய அச்சுப் பிரதிகளை ஆராய்ந்து, இவை ஹைடன் எழுதியவை அல்ல, ஹோஃப்ஸ்டெட்டர் என்ற துறவியுடையதாக இருக்கலாம் என்று காட்டினார்கள். ஹைடன் இல்லை என்பதை இன்று அநேகமாக எல்லோரும் ஏற்கிறார்கள். ஹோஃப்ஸ்டெட்டர்தான் என்பதில் அவ்வளவு உறுதி கிடையாது. 1954 புத்தகத்துக்கு இந்த விவகாரமே தெரிந்திருக்க வழியில்லை, அதைக் குறை சொல்லவும் முடியாது.

இதைவிடத் தினமும் காலை வாருவது எண் விவகாரம். என் வீட்டில் அப்பா வாங்கிய ஒரு எல்பி இசைத்தட்டு இருக்கிறது. அட்டையில் த்வோர்ஷாக், புது உலகம், ஐந்தாம் சிம்பொனி என்று போட்டிருக்கும். அதே படைப்பு இன்று ஒன்பதாம் சிம்பொனி. சிறுவனாக இருந்தபோது த்வோர்ஷாக் இரண்டு புது உலகம் எழுதினார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நடந்தது இதுதான். அவருடைய முதல் நான்கு சிம்பொனிகள் அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவில்லை. பதிப்பாளர்கள் தாங்கள் வெளியிட்ட வரிசைப்படி மீதி ஐந்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்துவிட்டார்கள். எழுதிய வரிசைகூட அதில் கிடையாது: இன்றைய ஆறாவது அன்றைக்கு ஒன்று, இன்றைய ஐந்தாவது அன்றைக்கு மூன்று. ஒன்பதையும் எழுதிய காலப்படி வரிசைப்படுத்தும் இன்றைய எண்கள் 1950-களுக்குப் பிறகே நிலைத்தன. பழைய புத்தகத்தையும் புதிய பதிவையும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும்.

பாட்டு கற்றவர் என்பதால் உங்களுக்கு இது புதிதாக இருக்காது. சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைத் திறந்தால், நாம் ஹனுமதோடி என்னும் ராகம் அங்கே ஜனதோடி. நம்முடைய மேசகல்யாணி அங்கே சாந்தகல்யாணி. பெயர் வேறானாலும் எட்டாவது மேளம் (தாய் ராகம்) எட்டுதான், அறுபத்தைந்து அறுபத்தைந்துதான். பெயர் குழப்பினால் மேள எண்ணைப் பிடித்துக்கொள்வோம், இல்லையா? மேற்கத்திய இசையில் அந்த வேலையைச் செய்வது பட்டியல் எண். மொசார்ட்டுக்கு கோஹெல் என்பவர் 1862-ல் போட்ட பட்டியல், அவரும் தொழில்முறை இசைக்காரர் இல்லை, தாவரங்களும் கனிமங்களும் ஆராய்ந்தவர். ரெக்வியம் 626 என்றால் அது கோஹெல் எண். யோஹான் செபாஸ்டியன் பாக் படைப்புகளுக்கு ஷ்மீடர் 1950-ல் போட்ட பட்டியல், நிகழ்ச்சி நிரல்களில் பி.டபிள்யூ.வி. என்று போட்டிருப்பார்கள். ஷூபர்ட்டுக்கு டாய்ச் பெயரில் டி. எண். இந்தப் பட்டியல்களும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன, கோஹெல் பட்டியலுக்குப் புதிய பதிப்பு 2024-ல்தான் வந்தது. ஆனாலும் பழக்கத்தில் ஊறிப்போன எண்கள் சுலபத்தில் மாறுவதில்லை.

இங்கே ஒரு பள்ளமும் இருக்கிறது, என் மாணவன் ஒருவன் அதில் விழுந்தான். தேர்வுக்கு ஸ்கார்லாட்டி சொனாட்டா ஒன்று. பாடத்திட்டத்தில் கே. 380 என்றும் பக்கத்தில் எல். 23 என்றும் இருந்தது. இரண்டும் ஒரே படைப்பு: கே. என்பது கிர்க்பாட்ரிக் போட்ட எண், எல். என்பது அதற்கு முந்தைய லாங்கோ பதிப்பின் எண். பையன் இரண்டையும் கலந்து கே. 23 என்று தேடி, வேறொரு சொனாட்டாவை இறக்கி ஆறு வாரம் சாதகம் பண்ணிக்கொண்டு வந்தான். வாசித்ததும் நன்றாகத்தான் இருந்தது! தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்ததால் தப்பித்தோம். மொசார்ட்டில் கே. என்றால் கோஹெல், ஸ்கார்லாட்டியில் கே. என்றால் கிர்க்பாட்ரிக். இதைச் சொல்லிக்கொடுக்காத குறை என்னுடையது.

சரி, என்ன வாங்குவது? என் கணக்கில் உங்களுக்கு வேண்டியது இரண்டு, கூடுதலாக ஒன்று. முதலாவது மைக்கேல் கென்னடி தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு இசை அகராதி, ஒரே தொகுதி. ஆள், படைப்பு, கலைச்சொல் மூன்றும் சுருக்கமாக இருக்கும். படுக்கை ஓரத்தில் வைத்துக்கொள்ளும் அளவு. 1980-களின் பிரதி கிடைத்தாலும் பரவாயில்லை, இன்று உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பதிவுகளை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் என்று சொன்னது ஹார்வர்டு இசை அகராதி. அதில் வாழ்க்கை வரலாறே கிடையாது, கலைச்சொல்லும் கருத்தும் மட்டும். சொனாட்டா வடிவம், ஃபியூக், டெம்பரமென்ட் என்று தேடினால் கென்னடியில் ஒரு பத்தி, ஹார்வர்டில் பல பத்தி. தியரி தேர்வுக்குப் போகிறவருக்கு இது பாடப்புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஜெர்மன் பிரதிகளில் ஹெச் என்றால் நம்முடைய பி, பி என்றால் பி ஃபிளாட் என்பது போன்ற விஷயங்களுக்கு நான் இன்னமும் அதைத்தான் புரட்டுகிறேன். கலைச்சொற்கள் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போவதில்லை. ஆகவே பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

இரண்டாவது, ஓபெராவுக்கு கோப்பே. முழுப் பெயர் கோப்பேயின் முழு ஓபெரா புத்தகம். குஸ்டாவ் கோப்பே நியூயார்க் இசை விமர்சகர். 1918-ல் லாங் ஐலண்டில் பாய்மரப் படகில் போய்க்கொண்டிருந்தபோது கடற்படை விமானம் ஒன்று இறங்கும்போது மோதி இறந்துபோனார். கையெழுத்துப் பிரதி கிட்டத்தட்ட முடிந்திருந்தது. வேறொருவர் சரிசெய்து 1919-ல் வெளியிட்டார்கள். பிற்பாடு ஹேர்வுட் பிரபு பலமுறை திருத்தி விரித்தார். நீங்கள் வாங்கினால் அவர் பெயர் போட்ட பதிப்பாகப் பாருங்கள்.

கோப்பே ஏன் என்று ஒரு ஓபெராவை வைத்தே சொல்கிறேன். வெர்டியின் இல் ட்ரோவாடோரே. திரை விலகியதும் காவலர்கள் உட்கார்ந்திருக்க, ஃபெராண்டோ என்ற தளபதி ஒரு பழைய கதையைப் பாடுவார். கிழவி ஒருத்தியை எரித்தார்கள், அவள் மகள் பிரபுவின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள், சாம்பலில் சின்ன எலும்புகள் கிடைத்தன. அடுத்த அங்கத்தில் அந்த மகளே வந்து, வெறியில் தன் குழந்தையையே நெருப்பில் போட்டுவிட்டதாகச் சொல்வாள். அப்படியானால் அவள் வளர்த்தவன் யார்? கடைசி நிமிடத்தில் அண்ணன் தம்பியைக் கொன்றபின் விடை வரும். நம் ஊர் பழைய படங்களில் மச்சத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுபோல இங்கே முன்னாலேயே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஃபெராண்டோ பாடும் ஐந்து நிமிடத்தில் நீங்கள் காபி போடப் போய்விட்டால் மீதி இரண்டு மணி நேரம் யார் எதற்கு அழுகிறார்கள் என்றே தெரியாது. கோப்பேயில் அங்கம் அங்கமாகக் கதை இருக்கும், எந்தப் பாத்திரம் எந்தக் குரல் என்று இருக்கும், முதல் அரங்கேற்றம் எங்கே, எப்போது, யார் பாடினார்கள் என்று இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக முக்கியமான மெட்டுகள் இரண்டு மூன்று வரி நொட்டேஷனில் இருக்கும். உங்களுக்குத்தான் பியானோ தெரியுமே. பார்ப்பதற்கு முன் அந்த வரிகளை ஒற்றைக் கையால் வாசித்துப் பாருங்கள். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே குரலை அடையாளம் கண்டுகொள்வீர்கள். அமாண்டா ஹோல்டன் தொகுத்த வைக்கிங் ஓபெரா கையேடு இதைவிட விரிவானது, அதிகம் அறியப்படாத படைப்புகளும் உண்டு. ஆனால் முதல் புத்தகம் கோப்பேதான்.

நம்பிக்கை விஷயத்துக்குத் திரும்புகிறேன். அரங்கேற்றத் தேதி, பிறந்த தேதி, பட்டியல் எண் இதெல்லாம் நல்ல அகராதியில் பெரும்பாலும் சரியாக இருக்கும். சுவாரசியமான கதை வந்தால் அங்கே கொஞ்சம் நிதானியுங்கள். மொசார்ட்டின் சவ ஊர்வலத்தன்று பனிப்புயல் அடித்தது, நண்பர்கள் பாதியில் திரும்பிவிட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தார்கள். பேக்கர் பெயரிலுள்ள இசைக்கலைஞர் அகராதியின் ஆசிரியர் நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கிக்குச் சந்தேகம். வியன்னா வானிலை அலுவலகத்துக்கு எழுதி, 1791 டிசம்பரின் பதிவைக் கேட்டு வாங்கினார். புயலும் இல்லை, பனியும் இல்லை, மிதமான நாள். அதை 1960-ல் கட்டுரையாகவே எழுதினார். ஒரு பிறந்த தேதிக்காக ஊர் ஊராகச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் போடுகிற ஆள். நூற்றியொரு வயது வரை இருந்தார். பேக்கர் அகராதியில் அவர் பெயர் போட்ட பதிப்பு எங்காவது கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

அதற்காக அச்சில் வந்ததெல்லாம் சத்தியமும் இல்லை. 1980 க்ரோவின் முதல் அச்சில் இரண்டு இசையமைப்பாளர்கள் கற்பனை. எஸ்ரம் ஹெல்லரப் என்ற டேனிஷ்காரர், பால்டினி என்ற இத்தாலியர். எழுதியவர்களின் குறும்பு. அடுத்த அச்சுகளில் எடுத்துவிட்டார்கள். ஆகவே எந்த அகராதியைக் கையில் எடுத்தாலும் முதலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடிப் படியுங்கள். உங்களைப் போல் பாட்டிலிருந்து வருகிறவருக்கு இது இன்னும் சுலபம். தியாகராஜர் என்று பாருங்கள், இந்தியா என்று பாருங்கள். 1980 க்ரோவில் இந்திய இசைப் பகுதிகளிலும் மோடு (சுர வரிசை முறை) பற்றிய நீண்ட கட்டுரையிலும் ஹெரால்ட் பவர்ஸ் என்பவரின் உழைப்பு நிறைய. அவர் 1950-களின் தொடக்கத்தில் மெட்ராஸில் தங்கிக் கர்நாடக சங்கீதம் படித்தவர். அதே மனிதர் பிற்காலத்தில் புச்சினியின் டுராண்டாட் ஓபெரா பற்றி வில்லியம் ஆஷ்புரூக்கோடு சேர்ந்து புத்தகம் எழுதினார். ராகத்தையும் ஓபெராவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர்கள் உங்களுக்கு முன்னாலும் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இணையத்தைக் குறைத்துச் சொல்லமாட்டேன். காப்புரிமை முடிந்த ஸ்கோர்களை, அதாவது நொட்டேஷன் பிரதிகளை, ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகம் 2006-லிருந்து இலவசமாகத் தருகிறது. என் மாணவப் பருவத்தில் ஒரு பீத்தோவன் சொனாட்டாவின் நகலுக்காக மவுண்ட் ரோடில் மூன்று மாதம் காத்திருந்தவன் நான். இன்று மூன்று நொடி. ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பழைய பதிப்புகள், பதிப்பாசிரியர் தன் இஷ்டத்துக்குப் போட்ட குறிகள் எல்லாம் சேர்ந்தே வரும். விக்கிபீடியாவில் படைப்புப் பட்டியல்களை நம்பலாம், வாழ்க்கைக் கதைகளை மேலே சொன்ன பனிப்புயல் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். க்ரோவ் இணையப் பதிப்புக்கு நீங்களே சந்தா கட்ட வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது பல்கலைக்கழகத்தில் படித்தால் அதன் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு இந்தியாவில் அச்சாகும் புத்தகங்கள் சட்டப்படி போய்ச்சேரும், அதனால் கர்நாடக இசைக்கு அது பொக்கிஷம். வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆகவே க்ரோவை அங்கே எதிர்பார்த்துப் பஸ் ஏறாதீர்கள்.

இனி அந்த ஒன்பது தொகுதி. தகவல் பார்க்க என்றால் வேண்டாம். படிக்க என்றால் வாங்கலாம். அந்தக் காலத்து ஆட்கள் நீளமாக, ருசித்து எழுதினார்கள். மழை நாளில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. ஆனால் வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரைமட்ட அலமாரியில் வைக்கவே கூடாது. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். என் கோப்பே கீழ்த்தட்டில் இருந்தது. வெளியே எடுத்தபோது தலையணை மாதிரி ஊதியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகி, மின்விசிறிக்கு அடியில் பதினைந்து நாள் வைத்தேன். வாக்னர் பிழைத்தார், வெர்டி பாதி ஒட்டிக்கொண்டார்.

வாங்கப் போகும்போது முதுகுப் பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், பொருமினால் பசை போய்விட்டது. ராமபாணப் பூச்சி துளைத்த பக்கங்களில் ஊசி குத்தியதுபோல நேர்க்கோட்டில் ஓட்டை இருக்கும், அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஒரு தொகுதியில் இருந்தாலும் ஒன்பதுக்கும் பரவும், உங்கள் மற்ற புத்தகங்களுக்கும் பரவும். வீட்டுக்கு வந்ததும் பாச்சை உருண்டையோடு ஒரு வாரம் தனியாக மூடி வையுங்கள். 1961-ன் இணைப்புத் தொகுதி, அதாவது பத்தாவது, கூட இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நான்காயிரத்திலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். ஐந்துக்கு மேல் நான் தரமாட்டேன்.